பொதுவான நண்பர்

பரவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தமிழ்வாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்பதை நீ போடும் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று பாதியிலேயே பதில் வந்திருக்கும். அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

ஊரில் மழை பிடித்துக்கொண்டது. காய்கறி மார்க்கெட்டில் லாரிகள் சேற்றில் நிற்கின்றன. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி குறையவில்லை, மூட்டை இறக்கப் போவதையும் அவர் நிறுத்தவில்லை. சொன்னால், "சும்மா கெடந்தா இன்னும் வலிக்கும், போ ஆத்தா" என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. நீ அனுப்பிய மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

நீ சொன்னபடி அந்த வேலைவாய்ப்பு இணையதளத்தில் என் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். உன் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, பக்கம் பார்க்கும்படி இருந்தால் நீயே பரிந்துரை எழுதுகிறேன் என்றாய். நான் வேலை பார்க்கும் பைபாஸ் ரோட்டு அலுவலகத்தில் இனி எனக்கு மேலே போக இடமில்லை. இங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் ஆறு மாதத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே உன் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வேலை செய்தேன். "பொறுப்பா இருந்தேன்னு எழுதாத பாப்பா, என்ன செஞ்சன்னு எழுது" என்றாய். அது நல்ல யோசனை. அப்படி எழுதிப் பார்த்தபோது, நான் இவ்வளவு செய்திருக்கிறேனா என்று எனக்கே வியப்பாக இருந்தது. அதற்கு உனக்கு நன்றி.

மற்ற யோசனைகள் அப்படி இல்லை. பெயரை 'வாணி எஸ்' என்று சுருக்கச் சொன்னாய். பரவை வேண்டாம், மதுரை என்று போட்டால் போதும் என்றாய். இன்னும் கொஞ்சம் வெளிச்சமான படமாகப் போடு என்றாய். நான் தங்கிப் படித்த நலத்துறை விடுதியை எடுத்துவிடச் சொன்னாய். அங்கே பூட்டிக் கிடந்த புத்தக அலமாரியை வார்டனிடம் சண்டை போட்டுத் திறக்க வைத்து, மூன்று வருடம் நூலகமாக நடத்தியதைத்தான் அந்த வரியில் எழுதியிருந்தேன். என் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த வரி அது. "அதெல்லாம் யாரு கேட்டா? அந்த ஒரு வரியிலயே எல்லாம் தெரிஞ்சுபோகும்" என்றாய். என்ன தெரிந்துபோகும் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

மாதிரிக்கு உன் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். பாண்டிராஜ் என்ற பெயர் இல்லை, 'ராஜ் எஸ்' என்று இருக்கிறது. சுருளி என்ற அப்பா பெயரில் ஒரே ஓர் எழுத்து மிச்சம். திருமங்கலத்தில் விடுதியில் தங்கி நீ படித்த பள்ளிக்கூடம் இல்லை. உன் வாழ்க்கை நேராகப் பொறியியல் கல்லூரியில் தொடங்குகிறது. நான் வாசிக்கும் நாவல்களில் இப்படி ஒருவன் வந்தால், அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை அண்ணே. முதல் வேலையில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் உன்னிடம் கேட்டதை ஒரு தீபாவளிக்குச் சொன்னாய். மதுரையா? மதுரையில் எங்கே? பரவையில் எந்தத் தெரு? மூன்றே கேள்வி. மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டார். எனக்கும் அது தெரியாதா? நகரத்துக்குள் ஒரு பெண்கள் அறைக்கு நான் முன்பணம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அந்த அம்மாள் பணத்தைத் திருப்பித் தந்தது நினைவிருக்கும். நீதான் போனில் ஆறுதல் சொன்னாய். அவர்கள்தான் வெட்கப்பட வேண்டும், நாம் அல்ல என்று அன்றைக்கு நீ சொன்னாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்தப் பக்கத்தை எழுதினேன்.

போன மாதப் பேனர் விஷயத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீ மேனேஜர் ஆன செய்தி வந்ததும் மார்க்கெட்டில் அப்பாவோடு மூட்டை இறக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நம் தெருவில் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் நம் தலைவர் படம், நடுவில் நீ, கீழே வரிசையாக அவர்கள் முகங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் உன் கல்லூரிப் படத்தை எடுத்து வெளுத்துத் தள்ளிவிட்டார். அம்மா பார்த்துவிட்டு, "எவென்யா இவென், நம்ம பாண்டி சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான்?" என்றார். மார்க்கெட்டே சிரித்தது.

அந்தப் பேனரில் அப்பா ஓரத்தில் போனைக் காதில் வைத்தபடி நிற்பார். பேனர்களில் பெரிய ஆட்கள் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று பார்த்து, அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். படம் பிடிக்கும்போது சோணைமுத்து சித்தப்பா, "சுருளிண்ணே, போன் ஆஃப்ல கெடக்கு, யாருகிட்ட இம்புட்டு நேரமாப் பேசுறீக?" என்று கேலி செய்தார். "எம் மகென்கிட்டத்தான்டா" என்றார் அப்பா.

அதைத்தான் நான் படமெடுத்து, உன் பெயரை இணைத்து, எங்கள் அண்ணன் என்று எழுதி அந்தத் தளத்தில் போட்டேன். போட்ட சூட்டோடு நீ கூப்பிட்டாய். "இதென்ன ஊர்த் திருவிழாவா? மொதல்ல அதை எடு. மேல யாரு படம் இருக்குன்னு பார்த்தியா? என் டீம்ல நம்மூருக்காரன் ரெண்டு பேர் இருக்கான்" என்றாய். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் சிரிக்கும் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் இன்னமும் கேட்கிறார், "அந்தப் படத்தப் பாத்துட்டு அவென் ஆபீஸ்காரங்க என்ன சொன்னாங்க?" என்று. எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "என்னையப் பத்தி ஏதும் கேட்டாங்களா?" என்றார். இது யார், கம்பீரமாக இருக்கிறாரே என்று கேட்டார்களாம் என்றேன். அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை உன் பரிந்துரை வந்தது. ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருக்கிறாய். கடும் உழைப்பாளி, நுணுக்கமானவர், நம்பகமானவர். எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வரி: 'வாணியை ஒரு பொதுவான நண்பர் மூலமாக எனக்குத் தெரியும்.'

பொதுவான நண்பர் யார் அண்ணே? அம்மாவா, அப்பாவா?

சொந்தக்காரர்களைப் பரிந்துரைக்கக் கூடாது என்று கம்பெனியில் விதி இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க உன் பக்கம் நின்று யோசித்தேன். உன் கம்பெனியின் வேலைப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். உறவினரையும் பரிந்துரைக்கலாம், உறவை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு உனக்காக யோசிக்க எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நீ எழுதியதை ஏற்றுக்கொண்டால்தான் அது என் பக்கத்தில் தெரியும். வேண்டாம் என்றால் ஒதுக்கிவிடலாம், திருத்தமும் கேட்கலாம். திருத்தம் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 'தங்கை' என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். அதைப் போய் உன்னிடம் ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்து கேட்க எனக்குக் கை வரவில்லை. ஒதுக்கிவிட்டேன். உன் கம்பெனிக்கு நான் விண்ணப்பிக்கவும் இல்லை. அங்கே வந்தால் உணவுக்கூடத்தில் உன்னைப் பார்த்து 'ராஜ் சார்' என்று சொல்ல வேண்டியிருக்கும். எத்தனை சம்பளம் கொடுத்தாலும் அது என் வாயில் வராது.

என் பக்கத்தில் பெயர் சு. தமிழ்வாணி என்றே இருக்கிறது. ஊர் பரவை. நீ சொன்னதற்காக எடுத்திருந்த விடுதி வரியைத் திரும்பவும் சேர்த்துவிட்டேன். உனக்கு அதனால் தொந்தரவு வருமோ என்று யோசித்து, உன்னோடு இருந்த தொடர்பை நானே நீக்கிவிட்டேன். இனி என் பக்கத்திலிருந்து யாரும் உன்னிடம் வந்து சேர முடியாது. பயப்படாதே. சென்னையில் இரண்டு இடங்களுக்குப் போட்டிருக்கிறேன். கிடைக்காமலும் போகலாம்.

மழைக்கு முன்னால் பேனரை அவிழ்த்துவிட்டார்கள். முன்பக்கத் தகரக் கொட்டகை ஒழுகுகிறது அல்லவா, அப்பா அதைத் தகரத்துக்கு அடியில் இழுத்துக் கட்டிவிட்டார். அச்சடித்த பக்கம் உள்ளே தெரிகிற மாதிரி. தகரத்துக்கு மேலேயே போட்டிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "மேல போட்டா எம் மகென் மூஞ்சியில காக்கா எச்சம் போடும்" என்றார். ஆக, நீ விரும்பியபடியே அது இப்போது வெளியில் யாருக்கும் தெரியாது. அப்பா படுத்துக்கொண்டு பார்க்கும்போது மட்டும் தெரிகிறது. அதில் அவர் இன்னும் போனைக் காதில் வைத்தபடிதான் நிற்கிறார்.

நன்றாக இரு அண்ணே. இன்னும் பெரிய பதவிக்கெல்லாம் போ. அலுவலகத்தில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்தாவது அவரை ஒருமுறை கூப்பிடு. ஆபீஸ்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். நான் சொன்னதையே நீயும் சொல்லிவிடு.

உன் தங்கை,
சு. தமிழ்வாணி