வாசலில் நிற்கும் பூட்ஸ்

10.3.1984

அன்புள்ள ஷரீபா அக்காவுக்கு வேடியம்மாள் எழுதுவது. நீங்களும், நீங்கள் அம்மி என்று கூப்பிடும் உங்கள் அம்மாவும் சுகம்தானே? தர்மபுரி ஆஸ்பத்திரியில் காலில் கட்டும் காலிப்பருக்கு அளவு கொடுக்க உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் நான். உங்களுக்கு இடது கால், எனக்கு வலது கால். "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஜோடி நல்ல காலு தேறும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தீர்களே.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

காலிப்பர் நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் பாதம் தொங்கிப்போய் விரல் தரையில் இடறும். இப்போது இரண்டு பக்கக் கம்பியும் பாதத்தைத் தூக்கிப் பிடிப்பதால் வரப்பில்கூட நடக்கிறேன். ஆனால் கம்பி பூட்ஸோடு சேர்ந்தது. பூட்ஸோ வீட்டுக்குள் வரக்கூடாது. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால் பழைய கதைதான். சுவரைப் பிடித்து நடக்கிறேன், நிலைப்படியில் இடறுகிறேன். போன வாரம் குழம்புச் சட்டியோடு விழுந்தேன்.

அம்மா விடிவதற்குள் காட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். நான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பதை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்ப்பதெல்லாம் வீட்டுக்குள் நான் விழுவதைத்தான். "வூட்டுக்குள்ளயே நாலு எட்டு வெக்க முடியல, ஏரியூரு வரைக்கும் எப்படிடி போவ? எட்டாவதோட போதும்" என்கிறாள். எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் உண்டு, ஒன்பதாவதுக்கு ஏரியூர்தான் போக வேண்டும். அப்பாவிடம் சொன்னால், "உங்கம்மா சொன்னா சரிதான்" என்று எழுந்து போகிறார்.

பரீட்சை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள் அக்கா. பயமாக இருக்கிறது. பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கள்.

உங்கள்
வேடியம்மாள்


17.3.1984

என் செல்ல வேடிக்கு,

அம்மி உனக்காக துவா செய்தார்கள். நீ குழம்பைக் கொட்டியதைக் கேட்டு, "ஐயோ பாவம், குழம்பு" என்றும் சொன்னார்கள்.

உன் பூட்ஸின் குதிகாலைத் திருப்பிப் பார். பக்கத்துக்கு ஒரு துளை இருக்கும். கம்பி அதில் செருகித்தான் இருக்கிறது. கொஞ்சம் விரித்து இழுத்தால் கழன்று வரும். அதே துளை போட்ட இன்னொரு பூட்ஸ் இருந்தால், இதே கம்பியை அதில் மாட்டிக்கொள்ளலாம். நமக்கு அளவெடுத்தாரே சவுரியப்பன் அண்ணன், அவர் எனக்கு அப்படி ஒன்று தைத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் மட்டும் போடுவது. தெருவை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. எங்கள் வீட்டிலும் தொழுகிற இடத்துக்குச் செருப்பு வரலாமா என்று முதலில் பெரிய பேச்சுத்தான். அம்மி அடித்தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "தெருவுக்குப் போனாத்தானே செருப்பு. இது உடுப்பு மாதிரி" என்று முடித்துவிட்டார்கள்.

உன் அம்மாவிடம் நேராகக் கேள். ஒரு கேள்விக்கு இவ்வளவு பயமா?

அன்புடன்
ஷரீபுன்னிசா


26.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால், காலிப்பரோடு வீட்டுக்குள் நடக்க வருகிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை எல்லோரும் வெளியே திண்ணையில் படுத்த பிறகு பூட்ஸை நன்றாகத் துடைத்து, வலது காலில் மட்டும் மாட்டிக்கொண்டு பானை வரைக்கும் போனேன். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு திரும்பி வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்காக அம்மா தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தாள். அது காயவில்லை என்பதை நடக்கிற பரபரப்பில் நான் கவனிக்கவில்லை.

காலையில் பார்த்தால் வீடு முழுக்கத் தடம். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் மாமா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஒத்தச் செருப்புத் திருடன்டா. இன்னொண்ண எந்த வூட்ல வுட்டுட்டு வந்தானோ" என்றார். அவர் சம்சாரம் மாதம்மாள் அத்தை, "பானை வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கான். பாவம், தாகம்" என்றாள். தெருவே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. தடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த பூட்ஸைப் பார்த்தாள். எல்லோரும் போனதும் மறுபடி மெழுகிவிட்டாள். மூன்று நாளாக என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை. இனி என்ன செய்யட்டும்?

வேடியம்மாள்


31.3.1984

வேடி,

திருடனைப் பிடித்தார்களா? அம்மி சிரித்து சிரித்துப் புரையேறிவிட்டது.

உன் அம்மா எப்போதோ பிடித்துவிட்டார்கள், அதுதான் விஷயம். நீயாகச் சொல்லட்டும் என்று பார்க்கிறார்களோ என்னவோ. இன்றைக்கே சொல். சவுரியப்பன் அண்ணனிடம் பேசிவிட்டேன். பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை உன்னையும் உன் அம்மாவையும் வரச் சொன்னார். உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஷரீபுன்னிசா


22.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டுச் சாப்பாட்டை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மிக்கு என் வணக்கம்.

அன்றைக்கு உங்கள் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்ததை இப்போது எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்று, அடுப்பு எரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திரும்பாமலே, "தடத்துல ஒரு எடத்துலயும் காலு இழுபடல. அன்னிக்கே பாத்தேன்" என்றாள். பிறகு, "அந்த வூட்டுக்குள்ள போடறது எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். அப்படித்தான் உங்கள் வீட்டுக்கு வந்தோம்.

நேற்று புது பூட்ஸை வாங்கி வந்தோம். சவுரியப்பன் அண்ணன் போட்டுப் பார்க்கச் சொன்னபோது, அம்மா கீழே தன் துண்டை விரித்தாள். பஸ்ஸில் அதே துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள், கூட்டத்தில் நின்றபோதுகூடக் கீழே விடவில்லை. கண்டக்டர், "கொழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்கணுமாங்க?" என்றார். அம்மா, "வேணாங்க, இன்னும் நடக்கல" என்றாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் நிலைப்படிக்கு உள்ளே என்னை உட்கார வைத்து, கம்பியைப் புது பூட்ஸில் மாட்டி அவளே வார் கட்டினாள். குடத்தைக் கொடுத்து, "கொண்டு போய் வெய்யி" என்றாள். வைத்தேன். திரும்பி வரச் சொன்னாள். வந்தேன். மாதம்மாள் அத்தை வாசலில் நின்று, "என்னடி, வூட்டுக்குள்ள பூட்சு போட்டுட்டு தொர மாதிரி" என்றாள். அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரியூருப் பள்ளிக்கூடத்துல எத்தன மணிக்கு மணியடிப்பாங்க?"

"ஒம்பதரைக்கும்மா."

"அப்ப எட்டுக்குள்ள சோறு ஆக்கணும்" என்றாள்.

இப்படிக்கு
உங்கள் வேடியம்மாள்