மாணவர்கள் மாட்டி நடக்கும் கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் செயற்கைக் காலுக்குள் இன்னும் பழைய துணியைத் திணித்துக்கொண்டுதான் நடக்கிறீர்களா? போனில் சொன்னால் கோபப்படுவீர்கள் என்று எழுதுகிறேன்.

மருத்துவப் பொறியியல் மேற்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பெரிய கல்லூரியில் ஸ்கேன் படங்களை ஆராயும் படிப்பு. முடித்தால் வேலை நிச்சயம் என்பதால் நீங்கள் விரும்பியதும் அதைத்தான். சிறிய கல்லூரியில் செயற்கைக் கால் வடிவமைப்பு. நேற்று அதைப் பார்க்கப் போனேன். அங்கே காலைச் செய்கிற மாணவர்களே தங்கள் முழங்காலை மடக்கிக் கட்டி, செய்த செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். எனக்கும் மாட்டிவிட்டார்கள். எழுந்த வேகத்தில் ஒரு மேசையைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தூக்கிவிட்ட சீனியர் அக்கா, "எங்க வலிக்குதும்மா?" என்றார்.

"தொடை ஓரத்துல அழுத்துதுக்கா."

"அங்கதான் எல்லாரும் துணி வைப்பாங்க. நாம ஒழுங்கா செஞ்சிருந்தா அவங்க ஏன் வைக்கப் போறாங்க?"

இன்று காலை சிறிய கல்லூரிக்கே சம்மதம் அனுப்பிவிட்டேன்.

ஒரு உதவி. நீங்கள் கூடத்தில் நடப்பதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். செயற்கைக் காலின் மூட்டு தளர்ந்திருந்தால் சத்தத்தில் தெரிந்துவிடும். கொஞ்சம் நீளமாகவே நடங்கள். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கத்தினாலும் பதிவை நிறுத்த வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்