பத்தொன்பது பட்டன்

3 நவம்பர், திங்கள்

ஜில்லு, காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. உன் ஸ்கூலிலிருந்து போன். சயின்ஸ் ரூம் அலமாரியைக் காலி பண்ணுகிறார்களாம். எக்ஸிபிஷனுக்கு நீ செய்த அட்டையை வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் குப்பைக்குப் போய்விடுமாம்.

குப்பையாம். நீ போய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

எக்ஸிபிஷன் அன்றைக்குப் பரிசு இல்லாமல் வந்தாய். ஏன் என்று கேட்டேன், பையை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. நல்லபடி இருந்த கடைசி இரண்டு நாளையும் பரிசு கொடுக்காத அந்த சயின்ஸ் டீச்சர் கெடுத்தாள். நாளைக்கு விடமாட்டேன்.

வாங்க: சோப்பு, உளுந்து, கொசுவத்தி. கொசுவத்தி இனி எதற்கு. இருந்தாலும்.

4, செவ்வாய்

கம்பெனியில் அரை நாள் லீவு. சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தான். "ஏனம்மா, ஷிப்மென்ட் டைம்லயா லீவு?" பக்கத்து டேபிள் சாந்தா மட்டும், "போடி, நல்லா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேளு. அழுதுட்டு மட்டும் வராதே" என்றாள்.

அழவில்லை.

டீச்சர் சின்னப் பெண். நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

"ஒரு பரிசு குடுத்தா உங்க வீட்டுச் சொத்தா கொறைஞ்சிடும்? மூணு நாள் குனிஞ்ச தலை நிமிராம தைச்சா என் பொண்ணு."

"அம்மா, கிளாஸ்லயே அவதான் இதை நல்லா புரிஞ்சுக்கிட்டவ. ஆனா தப்பா இருந்துச்சே, நான் என்ன பண்ண?" அட்டையை எடுத்து வைத்தாள். கறுப்புத் துணி, நாலு வட்டம், வெள்ளைப் பட்டன். நம் சட்டை ஃபேக்டரியில் கழித்த பட்டன். "இது பொட்டாசியம். நடுவுல புரோட்டான் பத்தொம்போது. சுத்தி இருக்கிற பட்டன்தான் எலக்ட்ரான், அதுவும் பத்தொம்போதுதான் இருக்கணும். இங்க இருபது இருக்கு."

"ஒண்ணு கூடினா குடியா முழுகிடும்?"

"நடுவுல நியூட்ரான் கூடினா பரவால்லம்மா. அதே பொட்டாசியம்தான், எடை மட்டும் கூடும். அதுக்கு ஐசோடோப்புன்னு பேரு. எலக்ட்ரான் அப்படி இல்ல. இருபதுன்னா அது கால்சியம் கணக்கு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. வேற யாராவது கை வெச்சாங்களான்னுகூட கேட்டேன். 'எல்லாம் நானேதான் மிஸ்'னா."

"என் பொண்ணு தப்பு பண்ண மாட்டா" என்றேன். சத்தமாகத்தான். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருத்தி, "என்ன அக்கா, ரங்கோலி டிசைனா?" என்று கேட்டாள். முறைத்தேன்.

5, புதன்

தலைவலி. சமைக்கவில்லை. உன் அப்பா ஹோட்டலில் சாப்பிட்டு வந்து டி.வி. முன்னால். அட்டையைப் பார்த்தார், சேனலை மாற்றினார். கல்.

டீச்சர் சொன்னது பொய் என்று காட்டத்தான் உன் நோட்டை எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது அஞ்சாவது வரை, அதுவும் தமிழில். ஆனால் நம்பர் எனக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் அட்டையில் இருக்கிற மாதிரியே நாலு வட்டம். ஓரத்தில் உன் கையெழுத்தில் 2, 8, 8, 1.

நீ கடைசியாக எழுதிய பக்கத்தில் பெரிசாக ஒரு தலைப்பு, கீழே இரண்டு வரி. அப்புறம் வெறும் காகிதம்.

அட்டையில் எண்ணினேன். 2, 8, 8, 2. மறுபடி எண்ணினேன்.

திருப்பிப் பார்த்தேன். உன் தையல் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு. ஒரே ஒரு பட்டன் மட்டும் பெருக்கல் குறி போட்டு, அடியில் நூல் சுற்றி முடிச்சு. அந்த முடிச்சு என்னுடையது.

எக்ஸிபிஷன் அன்று காலை நீ குளிக்கப் போயிருந்தாய். அட்டை கட்டில்மேல். கடைசி வட்டத்தில் ஒத்தைப் பட்டன், எதிர்ப்பக்கம் மொட்டை. பதினோரு வருஷமாக, தைத்த சட்டையைச் சரிபார்க்கிற செக்கிங் செக்‌ஷன். பட்டன் விட்டுப்போன சட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்துத் தைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நாசமாய்ப் போன கை.

6, வியாழன்

வெயில். இன்று மூன்று சட்டை பட்டன் இல்லாமல் பாஸ் பண்ணினேன். தெரிந்துதான். சாந்தா கண்டுபிடித்துத் திருப்பி எடுத்தாள். "உனக்கு என்னடி பேயா புடிச்சிருக்கு? வேலை போனா சோத்துக்கு என்ன பண்ணுவே?" போகட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தேன். அந்த நூலை வெட்டினால் பத்தொன்பது. சரியாகிவிடும். யாருக்குச் சரி? கத்தரியைத் தூக்கி எறிந்தேன், உன் அப்பா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

தைத்தது யார் என்று உனக்குத் தெரியும். வீட்டில் அந்த முடிச்சு போடுவது நான் ஒருத்திதான். "எங்க அம்மா தைச்சுட்டாங்க மிஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரிசு உனக்குத்தான். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தவும் இல்லை. கத்தியிருக்கலாமே. தட்டை விசிறி அடித்திருக்கலாமே.

ஜில்லு, என்னை மாட்டிவிட மனசு வரலையாடி, இல்ல, எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சா?