இரண்டு கீறல், மூன்று கீறல்

ஜூன் 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் கூசுகிறது. நாலு வருஷமாகக் கேட்காதவள் இன்று கேட்டால் நீ சிரிப்பாய். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். கிழிக்கவாவது பிரித்துத்தானே ஆக வேண்டும்!

தலைபோகிற அவசரம். அம்மாவின் லக்ஷ்மி சிலைக்கு என்னமோ ஆகிவிட்டது! பாதத்தைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது. புளியைக் கரைத்துச் சிலை முழுக்க அப்பிவிட்டு, வழக்கம்போல் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனேன். பின்னால் எடுக்கச் சொன்னால் பழக வந்த அம்மாள் முன்னால் எடுத்துச் சுவரில் இடித்துவிட்டாள். வீடு திரும்பச் சாயங்காலம் ஆயிற்று. கழுவிப் பார்த்தால் பித்தளை நிறமே இல்லை, முகமெல்லாம் செம்பாகச் சிவந்து கிடக்கிறது! பல் செட்டு செய்து மெருகு போடுவது உன் தொழிலாயிற்றே. உடனே வழி சொல்.

இப்படிக்கு,
தங்கை

ஜூன் 8

அடி வாலு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், செய்துகொண்டிருந்த பல் செட்டைக் கீழே போட்டுவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் இன்னும் இரண்டு நாள் கஞ்சி குடிக்க வேண்டும். அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

அரை நாள் புளியில் ஊற அது என்ன குழம்பா? ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடக் கூடாது. பயப்படாதே, மேலோட்டமான சிவப்புதான். வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புப் போட்டு, மெத்தென்ற பல் பிரஷ்ஷால் கழுவு. ஈரமே இல்லாமல் துடை. பிறகு மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய். கம்பி நாரைத் தொட்டாயானால் கையை ஒடிப்பேன். கண்ணையும் மூக்கையும் அழுத்தாதே, தேய்ந்தால் திரும்ப வராது.

முதலில் சிலையைப் பீடத்திலிருந்து கழற்று. அடியில் ஒரே ஒரு திருகாணிதான். அந்த இடுக்கில் தண்ணீர் நிற்பதால்தான் பச்சை பிடிக்கிறது.

நான் கீழே போட்டு நசுக்கியதால்தான் நேராக நிற்காமல் ஆடுகிறது என்று சொன்னாயே, அதே லக்ஷ்மிதானே? "ஆடுற சாமிய என் தலையில கட்டிட்டு நல்லத நீ எடுத்துக்கிட்ட!" என்றாய். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை அன்று. இன்னும் வலிக்கிறது.

அக்கா

ஜூன் 14

அக்கா! அக்கா!

நிறம் திரும்பிவிட்டது. ஆனால் சேதி அதுவல்ல! கழற்றினேனா, லக்ஷ்மியின் பாதத்தடியில் அரத்தால் போட்ட இரண்டு கீறல். பீடத்துக்குள் மூன்று! இரண்டையும் தூக்கிக்கொண்டு பாத்திரக்கடைக்காரரிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடி மாறிடக் கூடாதுன்னு வார்த்தவர் போட்ட அடையாளம்மா. இது இவங்க பீடமே இல்ல. அதான் ஆடுது. கூட வேற சிலை ஏதும் இருந்துச்சா?" என்றார். உடனே உன் பங்குக்கு வந்த சரஸ்வதி சிலைதான் ஞாபகம் வந்தது.

உன் சரஸ்வதியைக் கழற்று. இப்போதே! கையில் காப்பி இருந்தால் கீழே வை!

தங்கை

ஜூன் 19

வாலு,

சரஸ்வதிக்கு மூன்று, பீடத்துக்கு இரண்டு! நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் பல்லி விழுந்ததா என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

மாற்றியது யார் தெரியுமா? நாமேதான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று இரண்டையும் கழற்றித் தேய்த்தோமே, எனக்குப் பன்னிரண்டு, உனக்கு ஒன்பது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக நான் பிடிக்க, நீ திருகினாய். அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டுக்கும் அடியில் துணியை மடித்து வைத்தாளே தவிர, கடைசிவரை நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சரஸ்வதியும் முதல் நாளிலிருந்தே ஆடுகிறாள். நீ அப்படிப் பேசிய பிறகு அதை ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை. பல் அச்சு எடுக்கும் மெழுகை அடியில் வைத்து நிறுத்தியிருக்கிறேன். அன்றே சொல்லியிருந்தால் நாலு வருஷம் வீணாகியிருக்காது. என் மேலும் தப்பு இருக்கிறது.

உன் பீடத்தைப் பார்சலில் அனுப்பட்டுமா?

அக்கா

ஜூன் 23

என் அக்காவுக்கு,

பார்சலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்!

நான் அன்று சொன்னது அபாண்டம். மன்னித்துவிடு. அம்மா போன துக்கத்தில் யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். நான் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டில் லக்ஷ்மி வருவாள், பருத்திப் புடவை சுற்றி, பெல்ட் போட்டு. கார் ஓட்டப் பழகும் வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நான் வேகமாகப் போனால் அவளே மிதிக்கட்டும்!

மெழுகைச் சுரண்டி வை. இந்தத் தடவை நான் பிடிக்கிறேன், நீ திருகு.

வாசல் கதவைத் திறந்தே வை அக்கா. இரண்டு கையிலும் லக்ஷ்மி இருப்பாள், என்னால் தட்ட முடியாது.

உன் வாலு