ஒன்பதாவது டி.வி.

பெங்களூர்
2-2-1998

எலே சத்தியா,

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் ஸ்டுடியோ அலமாரியிலிருந்து ஒன்பது கேஸட் வாரிக்கொண்டு வந்தேனே, அவை இங்கே என்ன பாடுபடுத்துகின்றன தெரியுமா? எங்கள் கலை மையத்தில் ஒன்பது டி.வி. வரிசையாக வைத்து, அந்த ஒன்பது அடக்க வீடியோக்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடப் போகிறோம். சவப்பெட்டியைச் சுற்றி நின்று காமிராவைப் பார்க்கும் ஜனங்களை இந்த ஊர்க்காரர்கள் கண்டதே இல்லை. கல்ஃபில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக எடுப்பது என்று விளக்கினேன். டைரக்டர் அம்மா ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தாள்.

முதல் வாரம் என்னை டீ கொண்டுவருகிறவன் என்று நினைத்தவர்கள் இவர்கள். இப்போது கம்ப்யூட்டர் அறையின் சாவி என் பையில். டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் துணி வெட்டுவதுபோல வெட்டலாம், ஒட்டலாம். திறப்பு விழா 26-ஆம் தேதி. ஒயர் இழுப்பதிலிருந்து கேஸட்டுகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதுவது வரை எல்லாம் என் கைதான். நம் ஊர் குன்னத்துகால் இந்தப் பணக்காரச் சுவரில் ஏறப்போகிறது, பார்த்துக்கொள்.

உன்
அனூஜ்


பாறசாலை
8-2-1998

அன்புள்ள அனூஜ்,

சந்தோஷம். இப்போது நான் சொல்வதைக் கேள். பொன்னுதாஸ் அண்ணனின் கேஸட்டை உடனே அனுப்பு.

குவாரியில் பாறை சரிந்து அவர் செத்து ஐந்து மாதம் ஆகிறது. காண்டிராக்டர் ராஜதாஸ் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் என்ன சொல்கிறார் தெரியுமா? "அவன் எனக்க ஆளே இல்ல. ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஏறினவனாக்கும், கால் தெற்றி விழுந்தான்." கூட வேலை செய்த நான்கு பேருக்கும் வாய் அடைத்துப்போயிற்று. நாளைக்கும் அதே பாறைக்குத்தானே போகவேண்டும்? புருஷனுக்காக நஷ்டஈடு கேட்டு நிற்கும் புஷ்பபாய் அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறாள்: "எங்களுக்கு ஆடே கெடையாது மக்கா."

அடக்கத்தன்று இதே ராஜதாஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்று பேசினார். "பொன்னுதாஸு எனக்க வலங்கையாக்கும். பதினோரு வருஷம் எனக்க குவாரியில நின்னவன்." சபையே கேட்டது. இன்று ஒருவனுக்கும் நினைவில்லை. அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார் அல்லவா?

ஷார்ஜாவில் இருக்கும் பொன்னுதாஸ் அண்ணனின் தம்பிக்கு அனுப்பிய காப்பியில் அந்தப் பேச்சு இல்லை. அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று எல்லா அடக்கத்துக்கும் செய்வதுபோல, சத்தத்தை எடுத்துவிட்டுக் கீர்த்தனையைப் போட்டது நான்தான். குரல் இருப்பது ஒரிஜினலில் மட்டும். அது உன்னிடம்.

கேஸ் மார்ச் 5. எஸ்.டி.டி. பூத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள்.

சத்தியராஜ்


பெங்களூர்
14-2-1998

சத்தியா,

பதறாதே. இதோடு ஒரு சி.டி. அனுப்பியிருக்கிறேன். டேப்பைவிடப் படம் தெளிவு; இரைச்சலையெல்லாம் நானே மூன்று நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். ஒரிஜினல் மார்ச் கடைசிவரை இங்கே இருக்கவேண்டும். தேய்ந்த டேப்பில் விழும் கோடுகள்தான் அழகு என்று டைரக்டர் அம்மா சொல்லிவிட்டாள். இந்தக் கண்காட்சி என் பெயரில் வருகிறது. நம்மில் ஒருவனுக்கு இப்படி ஒன்று கிடைத்திருக்கிறதா, நீயே சொல். கல் உடைத்துச் செத்தவனை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே நானும் பாடுபடுகிறேன்?

அனூஜ்


பாறசாலை
20-2-1998

அனூஜ்,

உன் சி.டி.யைப் போட்டுப் பார்க்கப் பாறசாலையில் பெட்டி இல்லை. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் புஷ்பபாய் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். படிக்க வந்த பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாலு நிமிடம். அக்கா நெஞ்சில் அடிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள். அவ்வளவுதான். ராஜதாஸ் வாயைத் திறக்கும் இடத்தில் வெட்டியிருக்கிறாய்.

அக்கா என்ன கேட்டாள் தெரியுமா? "மக்கா, நான் ஒரு தடவதானே அடிச்சேன்?"

நம் முதல் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடித்தவர் பொன்னுதாஸ் அண்ணன். மழை விடாத ஒரு வாரம் அவர் வீட்டில் கிடந்தோம். அக்கா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துத் தந்தாள். நீ இரண்டு தடவை வாங்கித் தின்றாய்.

கம்ப்யூட்டரில் எதையும் மாற்றலாமாம், அதனால் ஒரிஜினல் இல்லாமல் கோர்ட் வாசலை மிதிக்காதே என்று வக்கீல் சொல்லிவிட்டார். ராஜதாஸும் ஆள் அனுப்பினார். "நீ சாட்சிக்குப் போனா, நம்ம சபையில ஒருத்தரும் ஒரு கல்யாணத்துக்கும் ஒன்ன விளிக்கமாட்டினும்." போகத்தான் போகிறேன். நீ என்ன செய்யப்போகிறாய்?

சத்தியராஜ்


பெங்களூர்
27-2-1998

சத்தியா,

எடுத்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் டைரக்டர் அம்மா குத்துவிளக்கு ஏற்றும்போது எல்லோரும் அங்கே திரும்பியிருந்தார்கள். ஒன்பதாவது டி.வி.க்கு அடியில் இருந்த வீடியோ டெக்கில் கைவிட்டுக் கேஸட்டை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். நம் ஜிஷா இங்கே நர்ஸிங் படிக்கிறாள், லீவுக்கு நாளை ஊருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்திருக்கிறேன், உன் கையிலேயே தருவாள்.

கேட்டால் காறித் துப்புவாய். அந்த டி.வி.யில் வெறும் நீலம்தான் தெரிந்தது. கூட்டம் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றது. தாடி வைத்த ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, மற்ற எட்டையும்விட இதுதான் பேசுகிறது என்றார். டேப் அறுந்துவிட்டது என்று டைரக்டர் அம்மாவிடம் சொன்னேன். அப்படியே நீலமாக இருக்கட்டும் என்றாள். என் வேலைக்கு ஆபத்தில்லை.

உன் கோபம் தீர்ந்ததா? ஒரு வரி எழுது. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
அனூஜ்


பாறசாலை
8-3-1998

அனூஜ்,

கேஸட் நேரத்துக்கு வந்தது. டி.வி.யையும் டெக்கையும் வாடகை ஜீப்பில் கொண்டுபோனேன்.

போட்டுக் காட்டுவதற்கு முன்பே ராஜதாஸின் வக்கீல் கேஸட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமாக வாசித்தார். இங்கிலீஷ்தான். "பெயர் தெரியாத கூலியாள், கேரளம்." "சாரே, செத்தது யாருன்னு இவங்களுக்கே தெரியாது" என்றார். ராஜதாஸ் சிரித்தார்.

புஷ்பபாய் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அர்த்தம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். நேராகப் போய்க் கேஸட்டை வாங்கி, நகத்தால் சுரண்டினாள். தடுக்க வந்தவரிடம், "எனக்க மாப்பிளக்க பேரு அடியில கெடக்கு" என்றாள். உன் சீட்டுக்குக் கீழே நான் எழுதிய சீட்டு இருந்தது. பாதி கிழிந்துவிட்டது. 'பொன்னு' கேஸட்டில் நிற்கிறது. 'தாஸ்' உன் சீட்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பிறகு படம் ஓடியது. வலங்கை, பதினோரு வருஷம், எல்லாம் அவர் வாயாலேயே வந்தது. நீதிபதி இரண்டு தடவை போடச் சொன்னார். ராஜதாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "நின்னவந்தான்" என்றார். தீர்ப்பு இனிமேல்தான். ஆனால் ஆட்டுக் கதை செத்துவிட்டது. எனக்கு வரவேண்டிய இரண்டு கல்யாணங்களும் கைவிட்டுப் போயின. போகட்டும்.

அந்தச் சீட்டை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். 'K'யின் காலை நீ எப்படி வளைப்பாய் என்று எனக்குத் தெரியாதா? நம் ஸ்டுடியோ போர்டே நீ எழுதியதுதானே.

இதை எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

பெயர் தெரியாது என்று சொன்னேன்.

சத்தியராஜ்