இருபத்து நாலாம் தேதி

சேசு மரி சூசை

கடத்தூர்
1.6.2024

அன்புள்ள பிளசிக்கு,

அத்தையின் ஆசீர். உன் ப்ளஸ் டூ மார்க்கைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பாவும் கேட்கிறான், அதனால்தான் கடிதம்.

தாவரவியலா, கம்ப்யூட்டரா என்று கேட்டிருந்தாய். தக்காளியையும் புளியையும் நினைத்துப் பார். தக்காளி சீக்கிரம் காசு தரும். விலை விழுந்தால் ரோட்டில் கொட்ட வேண்டியதுதான். புளி காய்க்க வருடக்கணக்காகும். காய்த்தால் நின்று தரும். தாவரவியல் படித்து வனத்துறைப் பரீட்சை எழுதுவேன் என்றாயே, அது புளியங்கன்று. பிழைப்பையும் யோசித்துத்தான் ஆசைப்பட்டிருக்கிறாய். நான் உன் பக்கம்.

அப்பாவும் இறங்கி வந்துவிட்டான். அரசு கல்லூரியில் உன் கவுன்சிலிங் 24-ஆம் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டதாக அவன் போனுக்கு மெசேஜ் வந்ததாம். "நீயே புள்ளைக்கு எழுதிடுக்கா" என்றான். அதுவரை இங்கே வந்து இரு. நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
இசபெல்லா அத்தை

கோவிலூர்
5.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், தக்காளி வரைக்கும் மட்டும். "உங்க அத்தை அரைக் கிலோ கணக்குல தக்காளி வாங்கறவ. மூட்டை மூட்டையா கொட்டிட்டு வந்தவன் நானு" என்றார்.

ஒரு குழப்பம். என்னோடு படித்த சசிகலாவும் அதே கல்லூரிக்குத்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கு 12-ஆம் தேதி என்று மெசேஜ் வந்திருக்கிறது. "உனக்கு மட்டும் எப்பிடிடி தள்ளிப்போவும்? வா, போய்க் கேட்டுட்டு வந்துரலாம்" என்று இழுக்கிறாள். அப்பா மட்டும் சொல்லியிருந்தால் போயிருப்பேன். அத்தையே எழுதியிருக்கிறார்கள் என்று அவளிடம் சண்டை போட்டுவிட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

உங்கள் கொல்லையில் பேர் தெரியாத ஒரு கொடி இருந்ததே, பூத்துவிட்டதா? பூவைக் கிள்ளிவிடாதீர்கள். பார்த்தால்தான் என்ன குடும்பம் என்று கண்டுபிடிக்க முடியும்.

உங்கள் செல்லம்,
பிளசி

சேசு மரி சூசை

கடத்தூர்
22.9.2024

என் அன்பு பிளசிக்கு,

நீ போன் எடுப்பதில்லை. ஹாஸ்டல் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கி எழுதுகிறேன்.

"தாவரவியல் பன்னெண்டாந் தேதியே முடிஞ்சு போச்சுங்களே" என்று 24-ஆம் தேதி கல்லூரி ஆபீஸில் இருந்தவர் சொன்னபோது நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

உன் அப்பா அமல்தாஸிடம் கேட்டேன். "நான் சொன்னா நம்ப மாட்டா, நீ சொன்னா நம்புவா. அதாங்க்கா" என்றான், எனக்கு ஏதோ மரியாதை செய்தவன் போல. கூடப் பிறந்தவன். இத்தனை வருடம் நம் வீட்டுப் பிள்ளைகள் நம்பிய வாயை அவன் இரவல் வாங்கிக்கொண்டான். இப்போது அவன் வீட்டுப் பக்கமே நான் போவதில்லை.

ஆனாலும் அப்பா சொன்ன கம்ப்யூட்டரில் சேர்ந்தது சேர்ந்தாய், மனதைத் தளரவிடாதே. ஒட்டுமாவைப் பார். வேர் ஒரு ஜாதி, கிளை ஒரு ஜாதி, நன்றாகத்தானே காய்க்கிறது? கம்ப்யூட்டரும் பழகப் பழகப் பிடித்துப்போகலாம். அப்பாவும் உன் நல்லதைத்தான் நினைத்தான்.

ஒரு வரியாவது எழுது.

அன்பு அத்தை,
இசபெல்லா

கோயம்புத்தூர்
6.10.2024

அத்தைக்கு,

உங்களுக்கு முன்பே தெரியாது என்பதை நம்புகிறேன்.

அப்பா மேல் அவ்வளவு வருத்தம் இல்லை. முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். என் பக்கம் என்று சொன்னது நீங்கள். சசிகலாவுக்கு 12 என்று எழுதியே அனுப்பினேன். நேரில் கேட்டபோதும், "அவளுக்கு வேற பாடமா இருக்கும், நீ காப்பி குடிம்மா" என்றீர்கள். கல்லூரிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 12-ஆம் தேதி காலையில் கடைத்தெருவில் எனக்குக் காலேஜ் போக சுடிதார் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டுமா உதாரணம் வேண்டாம் அத்தை. வெட்டுகிறவர்கள் கன்றைக் கேட்டுக்கொண்டு வெட்டுவதில்லை.

சசிகலாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறேன், என் போன் நம்பரைக் கொடுத்து. எந்தக் கல்லூரி, எந்தத் தேதி என்று அப்பாவிடம் சொல்ல மாட்டேன். உங்களிடமும்.

கிறிஸ்மஸ் லீவுக்குக் கடத்தூர் வரவில்லை. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

அ. பிளசி