நான் நிறுத்தாத படகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணன் நலம், உன் சித்தியின் கண்ணும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, அதை நம்புகிறேன். ஆனால் அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி நீ எழுதியிருப்பதை நீ நம்பாதே. பாரோமீட்டரைப் பார்த்து நான் படகை நிறுத்தினேன், மூன்று பேர் உயிரைக் காப்பாற்றினேன் என்று உன் அண்ணன் உனக்குப் போனில் சொல்லியிருக்கிறான். படகுத்துறையிலும் அப்படித்தான் பேச்சு. தபால்காரர் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைக்கிறார். நான் படகை நிறுத்தவில்லை. போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான், நிறுத்தியவர் வேறு ஒருவர். மூன்று வாரமாக இதைத் திருத்தாமல் இருந்ததற்கு, கேட்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இப்போது நீ, நீண்ட விடுமுறையில் மாப்பிள்ளையோடும் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரோடும் பாய்ப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கரையோரமாக நாற்பது மைல் போகப் போவதாகவும், காற்றையும் கடலையும் எடைபோடும் வித்தையை இந்த அம்மா சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பொய்யைவிட மோசம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கடைசி வரை படி.

உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது உனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி, ஊசியைப் பார்த்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நீ வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் உள்ளே போவேன், இல்லேன்னா இப்படியே பாதிக் கண்ணோட இருந்துட்டுப் போறேன் என்று போனில் அழுதாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆற்றுப்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள், சுற்றுவழியில் பஸ்ஸில் போனால் ஒரு பகலும் பாதி இரவும், என் முதுகுக்கு அது ஆகாது. உன் அப்பாவின் படகை அவள் ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பலகை மாற்ற வேண்டியிருந்ததால் அதிலேயே நானும் போய்விடுவது என்று ஏற்பாடு. வியாழன் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நண்பகலுக்குள் போய்விடலாம். படகோட்டி யார் தெரியுமா, அப்பாவோடு பல வருஷம் கூடப் போனவர், துறையில் எல்லோரும் 'நாளைக்கு' என்று கூப்பிடுவார்களே, அவர்தான். எப்போது கேட்டாலும் நாளைக்குப் பாக்கலாம் என்பார், அதனால் வந்த பெயர். துணைக்கு உன் அண்ணன்.

வியாழன் அன்று நான் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வீட்டைத் துடைத்தேன். நாலு நாள் பூட்டிக் கிடக்கப் போகும் வீடு அழுக்காக இருந்தால் எனக்குப் பயணம் பிடிக்காது, உனக்குத் தெரியும். நாற்காலிக் கால்கள், ஜன்னல் கம்பி, கடைசியாக அப்பாவின் பாரோமீட்டர். அதில் இரண்டு முள் இருப்பது உனக்கு நினைவிருக்கும். கறுப்பு முள் காற்றின் அழுத்தத்தோடு தானாக நகரும். பித்தளை முள்ளை நாம்தான் கையால் திருகி, கறுப்பு முள் அப்போது நிற்கும் இடத்தில் வைக்க வேண்டும், அடுத்த நாள் பார்க்கும்போது இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு மாற்றம், வெகுவாக இறங்கியிருந்தால் பலத்த காற்று வருகிறது என்று பொருள். அப்பா போன பிறகும் தினமும் ஐந்தரைக்குப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். அவர் எண்ணை எழுதுவார், நான் ஏறியது, இறங்கியது, அசையவில்லை என்று ஒரே சொல்லில் அழகாக எழுதுவேன். அன்றும் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முள்ளும் ஒரே கோடாக நின்றன. அசையவில்லை என்று எழுதி, கோடு போட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

துறையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. கரையிலிருந்து மெல்லிய காற்று, பாய் விரித்தால் தள்ளிக்கொண்டு போகும் காற்று. வானொலியில் பிற்பகலுக்கு மேல்தான் காற்று வலுக்கும் என்றார்கள், அதற்குள் நாங்கள் சித்தி வீட்டில் இருப்போம். ஆனால் 'நாளைக்கு' கயிற்றை அவிழ்க்காமல் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். என்ன எண்ணுகிறீர்கள் என்றேன். நேத்து ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில எட்டு எண்ணினேம்மா, இன்னைக்குப் பதிமூணு வருது, இங்க காத்தே இல்ல, அப்போ இந்த அலை எங்கேருந்து வருது, எங்கேயோ எவனோ பலமா தள்ளிக்கிட்டு இருக்கான், அவன் இந்தப் பக்கம்தான் வர்றான் என்றார். பார்த்தேன், உண்மையில் ஒரு நீண்ட மேடு மெதுவாக வந்து படியை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். நான் பாரோமீட்டர் அசையவில்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அது அசையலேன்னா எனக்குப் புரியல, ஆனா கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற மொத முனையைத் தாண்டிட்டா ரெண்டாவது முனை வரைக்கும் மூணு மணி நேரம் வெறும் பாறைதான், ஒதுங்க ஒரு பொந்து கிடையாது, போறதுக்கு வழி இருக்கு, மனசு மாறினா திரும்பி வர்றதுக்கு வழி இருக்கான்னு பாக்கணும், நாளைக்குப் பாக்கலாம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களுக்குப் பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க, என் தங்கச்சியை நாளைக்குன்னு சொல்லி ஆபரேஷன் மேஜையில காத்திருக்கச் சொல்லவா, என் வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்பார் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவர் இருந்திருந்தா உங்களைச் சமாளிக்கிற வேலை எனக்கு இருந்திருக்காதும்மா, அவரே பாத்துக்கிட்டிருப்பார் என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டார். உன் அண்ணன் சிரிப்பை அடக்க இருமினான். இதைக் கேட்டது நாங்கள் மூன்று பேர் மட்டும்தான், அதனால்தான் பின்னால் கதையை மாற்ற வசதியாகப் போயிற்று.

பத்தரை மணிக்கு நான் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். முதலில் கரைக்காற்று நின்றது. வெளியே காயப்போட்ட துணியெல்லாம் ஒரு நிமிஷம் தொங்கிப்போய் நின்றது, பிறகு எதிர்ப்பக்கமாக எழுந்து கம்பியோடு முறுக்கிக்கொண்டது. கால் மணி நேரத்தில் படகுக் கொட்டகையின் தகரம் ஒன்று பிடுங்கிக்கொண்டு தெருவில் உருண்டது, துறைமுக வாய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளையாக உடைந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் பத்தரைக்கு எங்கே இருந்திருப்போம். இரண்டு முனைக்கும் நடுவில். கடல் பக்கமிருந்து காற்று, மறுபக்கம் பாறை. உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து பாரோமீட்டரிடம் போனேன். கறுப்பு முள் வெகு கீழே இருந்தது, அதன் அடியில் என் மஞ்சள் துடைக்கும் துணி காலையில் மடித்து வைத்தபடியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் என் கை செய்தது எனக்கு நினைவு வந்தது. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது இரண்டு முள்ளும் கோணலாக ஆளுக்கொரு பக்கம் நின்றன, அது என் கண்ணுக்குப் பொறுக்கவில்லை, திருகைத் திருப்பி நேராக்கினேன். கோணலாக நின்ற படத்தை நேராக்குவதுபோல யோசிக்காமல் நேராக்கினேன். அந்தக் கோணல்தான் செய்தி. ராத்திரியே அழுத்தம் இறங்கிவிட்டது என்று அப்பாவின் கருவி சொன்னதை நான் துடைத்து எடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்து வந்து அசையவில்லை என்று எழுதியிருக்கிறேன். அவர்போல எண்ணை எழுதியிருந்தால் முந்தின நாள் எண்ணே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் எங்களுக்குத் தவறை ரப்பரால் அழிக்க அனுமதி இல்லை, ஒரே கோட்டால் அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அப்படியே செய்தேன். நோட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது, வரும்போது பார்.

துறைமுக அதிகாரி வந்து உங்க படகு ஏன் கிளம்பலை, நல்லவேளை என்று கேட்டபோது 'நாளைக்கு' என்ன சொன்னார் தெரியுமா, அம்மா வீட்டுல பாரோமீட்டர் இருக்குல்ல சார் என்றார், அவ்வளவுதான். நான் பேசியதைச் சொல்லாமல் மறைத்தார். மிச்சத்தை உன் அண்ணன் ஜரிகை வைத்துத் தைத்துவிட்டான், என் மானத்தைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. வெள்ளியும் காற்று விடவில்லை. சித்தியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போனார், அந்தப் புண்ணியவதிக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது, நான் பையோடு படகோட்டி முன்னால் போய் நின்றேன். காத்து போயிடுச்சும்மா, அலை இன்னும் போகலை, அந்த ஊரு துறை வாயில மணல்திட்டு இருக்கு, அங்க போய் உடையும் என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சுப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். உன் அண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஞாயிறு கிளம்பினோம். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அவர் ஒரு சிலேட்டில் சுண்ணாம்புக் கட்டியால், எட்டரைக்குள் முதல் முனை, இல்லையென்றால் திரும்பு என்று எழுதிச் சுக்கான் பக்கத்தில் மாட்டினார். எதற்கு, மனதில் இருந்தால் போதாதா என்றேன். கரையில நிக்கும்போது புத்தி நம்மகிட்ட இருக்கும்மா, பாதி தூரம் போனதும் ஆசை வந்து சுக்கானைப் பிடிச்சுக்கும், அப்போ படிச்சுக்காட்ட எழுத்து வேணும் என்றார். எட்டு மணிக்கே முனையைத் தாண்டினோம். உன் அண்ணன் அதுவரை கடலைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினான், அதற்குப் பிறகு வாளியோடு மட்டும் பேசினான். பத்தரை மணிக்கு அந்தப் பாறைகளைப் பக்கத்தில் பார்த்தேன். நல்ல நாளிலேயே அவற்றின் அடியில் தண்ணீர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கடவுளுக்கு வீட்டிலேயே நன்றி சொல்லியிருந்தேன், ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து அலை எண்ணியவருக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை, நீ அறிவாய். வியாழக்கிழமை நான் பேசினது தப்பு, பாரோமீட்டரையும் நான்தான் கெடுத்தேன், நீங்க நம்ம மூணு பேரையும் காப்பாத்தினீங்க என்று சொன்னேன். அவர் பாயையே பார்த்துக்கொண்டு, எந்த வியாழக்கிழமைம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க, பாயைத் திருப்பணும் என்றார். நகர்ந்து உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது சித்தி ஒரு கண்ணில் கட்டோடு வாசலில் நின்று, சொன்ன நாளுக்கு வரத் துப்பில்ல, வந்ததும் என் திரைச்சீலை அழுக்குங்கிறியா, கட்டு அவிழ்த்ததும் உன் சாவுச் செய்தியைப் படிக்கவா நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், நீ லேட்டா வந்ததே நல்லது என்று திட்டிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இதுதான் நடந்தது. ஆகவே அலையையும் மேகத்தையும் பற்றி என்னிடம் கேட்காதே, நீ புறப்படும் துறையில் அன்றாடம் அங்கே போய்வரும் ஒருவரைக் கேள், வானிலை அறிக்கையும் பார், அழுத்தத்தை எண்ணாகவே எழுது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதை நான் என் குணத்திலிருந்து கற்றேன். வெள்ளிக்கிழமை பத்து மணி என்று மனதில் இருந்ததால்தான் கடல் எனக்கு எண்ணெயாகத் தெரிந்தது. நீயும் திங்கள் காலை எல்லோரும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அந்த வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திங்களன்று திரும்பாவிட்டால் என்ன செய்வதென்று இப்போதே அலுவலகத்தில் பேசிவிடு. வெறும் வயிற்றோடும் ஏறாதே, வயிறு முட்டவும் சாப்பிடாதே. உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், என் ஆசி எப்போதும் உங்களோடு. உன் அண்ணனிடம் போனில் பேசும்போது கதை எனக்குத் தெரியும் என்று சொல், அதற்குமேல் திட்டாதே. நீங்கள் கிளம்புவதற்கு முன் நாலு பேரும் கரையில் உட்கார்ந்து, எவ்வளவு காற்றுக்கு மேல் கிளம்பமாட்டீர்கள், வழியில் எங்கே ஒதுங்குவீர்கள், எத்தனை மணிக்குள் எந்த இடம் வராவிட்டால் திரும்புவீர்கள், வேண்டாம் என்று யார் சொன்னாலும் மற்ற மூவரும் கேலி செய்யாமல் கேட்பீர்களா என்பதைத் தாளில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி எனக்குத் தபாலில் அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம், எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா